காத்திருப்பின் இயற்பியல்

பழைய கணினியின் செயலி மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்து பொருக்குத் தட்டிய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தால், உலோக மூடியில் பொறித்த எழுத்துகள் தெரியும். பெயர், வேகம், தொகுதி எண், அவற்றோடு ஊர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்ற இன்டெல் சில்லுகள் பலவற்றில் அந்த ஊர் மலேசியா. சிலிக்கானில் சுற்றுகளைச் செதுக்கியது அமெரிக்காவிலோ இஸ்ரேலிலோ இருக்கும். அதைப் பலகையில் பொருத்தி, மூடி போட்டு, தேறியது எது தேறாதது எது என்று சோதித்து அனுப்பியது இங்கே. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை 1972 இல் பினாங்கில்தான் திறந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கும் சும்மா இருக்கவில்லை. 1970களில் சுங்கைவேயிலும் உலு கிள்ளானிலும் தடையற்ற வணிக வட்டாரங்கள் எழுந்தன. மோட்டோரோலாவும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் வந்தன. விடியுமுன் ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்கள் அதில் ஏறிப் போய், உருப்பெருக்கிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பிரிக்பீல்ட்ஸ் கணினிக் கடைக்குள் தலையை நீட்டிக் கேட்பது: "அண்ணே, கேம் ரொம்ப லேக் அடிக்குது. எதை மாத்தலாம்?"

பதில் கடைக்குக் கடை வேறுபடும். ஒருவர் ரேம் போடச் சொல்வார், ஒருவர் கிராபிக்ஸ் கார்டு என்பார், இன்னொருவர் உள்ளே பார்க்காமலே "முழு செட் மாத்திடு தம்பி" என்பார். மூவரும் வியாபாரிகள், மூவரும் எப்போதாவது சரியாகவும் இருப்பார்கள். ஆனால் கையில் இருப்பது 600 வெள்ளி என்றால் 'எப்போதாவது' போதாது. கணினி எங்கே நேரத்தை இழக்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். அளப்பதற்குக் காசு வேண்டாம்.

ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். 2015 வாக்கில் கிள்ளானில் ஒரு வீட்டில் வாங்கியது. கோர் ஐ5-4460 செயலி, நான்கு உள்ளகங்கள், 3.2 கிகாஹெர்ட்ஸ். எச்81 மதர்போர்டு. 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஒரே துண்டாக. 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். கேஸோடு சேர்ந்து வந்த, பெயர் தெரியாத பவர் சப்ளை. இந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் இப்படி அடுக்கிய கணினிகள் ஏராளம்.

இப்போது ஒரு விளையாட்டைத் திறக்கிறோம். திரையில் ஓடுவது அசையும் படம் அல்ல, ஒவ்வொன்றாக வரைந்து காட்டும் சட்டகங்கள். வினாடிக்கு 60 சட்டகம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அதற்குள் இரண்டு பேர் வேலை முடித்தாக வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், தோட்டா எங்கே போகிறது, எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் கொடுப்பது செயலி. அந்தப் பட்டியலை வாங்கி, 1920க்கு 1080 திரையின் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளுக்கும் நிறம் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. செயலி அடுத்த சட்டகத்துக்குக் கணக்குப் போடும் நேரத்தில் கார்டு இந்தச் சட்டகத்தை வரைந்துகொண்டிருக்கும்.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடும் இருவரைப் பார்த்தால் இது புரியும். ஒருவர் மாவை வீசி விரிக்கிறார், மற்றவர் கல்லில் போட்டுத் திருப்புகிறார். வீசுபவர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கல்லில் இடமில்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை ரொட்டி என்பதை முடிவு செய்வது மெதுவாக இருப்பவர் மட்டுமே.

எண்ணில் சொன்னால்: செயலிக்கு ஒரு சட்டகத்துக்கு 9 மில்லி வினாடியும் கார்டுக்கு 25 மில்லி வினாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 40 சட்டகம். இரண்டு மடங்கு வேகமான செயலி வாங்கிப் போட்டால்? அதே 40. கொடுத்த காசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டால் 80. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பத்து மடங்கு வேகமான கார்டு போட்டாலும் 111ஐத் தாண்டாது, ஏனென்றால் அப்போது செயலியின் 9 மில்லி வினாடி குறுக்கே நிற்கும். பழைய செயலியோடு புத்தம்புது கார்டைச் சேர்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

யார் காத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். விளையாட்டின் அமைப்புக்குள் போய்த் திரைத் தெளிவை 1280க்கு 720 ஆகக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். செயலியின் வேலை அப்படியே இருக்கும். சட்டக எண்ணிக்கை எகிறினால் தடை கார்டில். அசையாமல் நின்றால் தடை செயலியில். இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர், ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்து வாங்குகிறார் என்பேன்.

சராசரி எண்ணிக்கை நன்றாக இருந்தும் விளையாட்டு திக்கித் திக்கி ஓடுவது வேறு நோய். வினாடிக்கு 60 என்று மூலையில் காட்டும். ஆனால் ஒரு தெருமுனை திரும்பும்போது படம் உறைந்து மீளும். சராசரி அதை மறைத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மிக மோசமான ஒரு சதவீதச் சட்டகங்களின் வேகத்தைத் தனியாகப் பார்க்கிறார்கள். திக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் செயலியோ கார்டோ அல்ல. வேண்டிய தரவு வேண்டிய இடத்துக்கு வந்து சேரவில்லை.

தரவு எங்கிருந்து வருகிறது? ஹார்ட் டிஸ்கிலிருந்து. அது நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு. வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய பகுதி ஊசிக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 9. ஆக ஒரு சின்னக் கோப்புத் துண்டை எடுக்க 13 மில்லி வினாடி. இந்த 13 மில்லி வினாடியில் நம் ஐ5இன் ஒவ்வோர் உள்ளகமும் நான்கு கோடிக்கு மேற்பட்ட கடிகாரத் துடிப்புகளை வீணாக்கியிருக்கும். வினாடிக்கு எழுபது எண்பது தடவைதான் இப்படி எடுக்க முடியும். ஒரு நவீன விளையாட்டு தெருமுனையில் கேட்பது நூற்றுக்கணக்கான துண்டுகள்.

எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. அதே துண்டு பத்தில் ஒரு மில்லி வினாடிக்குள் வந்துவிடும். நூறு மடங்குக்கு மேற்பட்ட இந்தப் பாய்ச்சலைப் போல இந்தக் கணினியின் வேறெந்த உறுப்பிலும் 600 வெள்ளிக்குள் வாங்க முடியாது. இங்கே ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். 1967 இல் ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியாளர் முன்வைத்த வாதத்திலிருந்து வந்தது அது: ஒரு பகுதியை வேகப்படுத்தினால் மொத்தத்தில் கிடைக்கும் லாபம், அந்தப் பகுதி மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தது. ஓர் ஆட்டம் திறக்க 60 வினாடி ஆகிறது, அதில் 45 வினாடி டிஸ்குக்கான காத்திருப்பு, 15 வினாடி செயலி வேலை என்று கொள்வோம். செயலியை இரண்டு மடங்காக்கினால் 52.5 வினாடி. டிஸ்க் காத்திருப்பைப் பத்தில் ஒன்றாக்கினால் 19.5 வினாடி.

இதே மாற்றத்தை நாட்டின் தொழிலும் செய்துகொண்டது. பெட்டாலிங் ஜெயாவில் பல காலம் ஹார்ட் டிஸ்க் செய்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல், அந்த ஆலையை 2019 முடிவுக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. கணினிகளில் ஹார்ட் டிஸ்கின் தேவை சரிந்துகொண்டிருந்தது. எஸ்எஸ்டி உற்பத்திக்கு அந்த நிறுவனம் பினாங்கைத் தேர்ந்தெடுத்தது. கிள்ளான் வீட்டு மேசைக்கடியில் நடப்பதும் ஓர் ஆலையின் கதவை மூடியதும் ஒரே காரணத்தால்தான்.

எஸ்எஸ்டி வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. எச்81 பலகையில் சாட்டா இணைப்புகள் எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் இரண்டு மட்டுமே வினாடிக்கு 6 கிகாபிட் வேகம் கொண்டவை; மற்றவை பாதி. கேபிளைத் தவறான இடத்தில் சொருகிவிட்டு எஸ்எஸ்டியைத் திட்டுபவர்கள் உண்டு. மற்றது, இணையச் சந்தையில் நம்ப முடியாத விலைக்கு வரும் '2 டெராபைட்' வட்டுகள். உள்ளே சிறு மெமரி கார்டை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி நிரலை மாற்றியிருப்பார்கள். நிரப்பும்வரை நன்றாக வேலை செய்யும். வாங்கியதும் முழுக்க எழுதி, முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.

ரேம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 8 ஜிபி நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தைக் கொண்டுபோய் டிஸ்கில் வைக்கும். அப்போது முன்பு பார்த்த 13 மில்லி வினாடி மீண்டும் வந்து குந்திக்கொள்ளும். அதோடு ஒற்றைத் துண்டு ரேம் என்றால் செயலிக்கு ஒரே வாய்க்கால். டிடிஆர்3-1600 துண்டு ஒன்று வினாடிக்கு 12.8 கிகாபைட் கொடுக்கும். இரண்டு துண்டு இரண்டு வாய்க்காலில் 25.6. ஆகவே இன்னொரு 8 ஜிபி துண்டைச் சேர்ப்பது கொள்ளளவையும் அகலத்தையும் ஒரே நேரத்தில் இரட்டிப்பாக்குகிறது. அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து இந்த ரேம் நிறைய வெளிவருகிறது. புதிய தலைமுறை ரேம் பக்கம் போக நினைப்பவருக்கு நேரம் சரியில்லை: 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில், கடையில் விற்கும் ரேமின் விலை தாறுமாறாக ஏறியது.

இனி கிராபிக்ஸ் கார்டு. ஆசையும் ஏமாற்றும் அதிகம் புழங்கும் இடம் இதுதான்.

நம் ஜிடிஎக்ஸ் 960இன் குறை அதன் கணக்குத் திறன் மட்டுமல்ல, அந்த 2 ஜிபி நினைவகம். கார்டுக்குள் தரவு வினாடிக்கு 112 கிகாபைட் வேகத்தில் ஓடுகிறது. படத் தோல்களும் நிழல்களும் 2 ஜிபியைத் தாண்டினால் மிச்சம் கணினியின் ரேமில் போய் உட்காரும். அங்கிருந்து அவை வர வேண்டிய பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ். எச்81 பலகை அந்தப் பாதையின் இரண்டாம் தலைமுறையை மட்டுமே தரும். பதினாறு தடமும் சேர்ந்து வினாடிக்கு 8 கிகாபைட். 112 இருந்த இடத்தில் 8. திக்கலுக்கு இது இன்னொரு பிறப்பிடம். எனவே மாற்றுக் கார்டு தேடும்போது நான் முதலில் பார்ப்பது நினைவக அளவு, பிறகு தடங்களின் எண்ணிக்கை, அதற்குப் பிறகுதான் பெயர்.

தடங்களை ஏன் எண்ண வேண்டும்? 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புதியது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது. ஆனால் நினைவகம் 4 ஜிபி, தடம் நான்கே. நான்காம் தலைமுறைப் பலகையில் அது ஓரளவு சமாளிக்கும், அங்கே ஒவ்வொரு தடமும் அகலம். நம் எச்81இல் சொருகினால் அந்த நான்கு தடமும் சேர்ந்து வினாடிக்கு 2 கிகாபைட். நினைவகம் நிரம்பிய நொடியில் கார்டு மூச்சுத் திணறும். அதற்கு ஐந்து ஆண்டு மூத்த, 2017 இன் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி வகை, பதினாறு தடத்தோடும் 256 கிகாபைட் உள்வேகத்தோடும் இந்தப் பழைய பலகையில் நிம்மதியாக ஓடும். 185 வாட் விழுங்கும் என்பது அதன் குறை. புதியது சிறந்தது என்ற எளிய விதி பழைய வீட்டுக்குள் வேலை செய்வதில்லை.

ஆர்எக்ஸ் 580 இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு கதை. ஈத்தீரியம் என்ற மறைநாணயத்தைத் 'தோண்டி' எடுக்க ஒரு காலத்தில் கிராபிக்ஸ் கார்டுகள்தாம் கருவி. அப்போது விளையாட்டுக்காரனுக்குக் கார்டு எட்டாக்கனி. மலேசியாவிலும் தோண்டல் கொடிகட்டிப் பறந்தது, திருட்டு மின்சாரத்தோடு. 2021 ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில் போலீஸ் பறிமுதல் செய்த 1,069 தோண்டல் இயந்திரங்களைத் தரையில் பரப்பி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிய காட்சி உலகமெங்கும் சுற்றியது. பிறகு 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் தன் இயங்குமுறையையே மாற்றிக்கொண்டது; கார்டுகளால் தோண்டும் தேவை ஒரே நாளில் அற்றுப்போனது. வேலையிழந்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன.

'மைனிங் கார்டா, தொடாதே' என்ற அறிவுரை இங்கே அடிக்கடி கேட்கும். முழுக்கச் சரியில்லை. கார்டை வருத்துவதில் பெரும்பங்கு சூடேறிக் குளிர்ந்து மீண்டும் சூடேறும் சுழற்சிக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் பற்றவைப்பு இணைப்புகள் விரிந்து சுருங்குகின்றன. தோண்டல் கார்டு ஒரே வெப்பத்தில் மாதக் கணக்காக ஓடும். மின்கட்டணத்துக்குப் பயந்து உரிமையாளர்கள் மின்னழுத்தத்தையும் குறைத்திருப்பார்கள். தேய்ந்திருப்பது விசிறி, காய்ந்திருப்பது பேஸ்ட்டும் நினைவகச் சில்லுகளின் மேல் ஒட்டிய பட்டைகளும். இவை மாற்றக்கூடியவை. தோண்டலுக்காகத் திருத்திய பயாஸை, அதாவது கார்டின் அடிப்படை நிரலை, அப்படியே விட்டிருந்தால் விளையாட்டில் படம் சிதறும். அசல் பயாஸை ஏற்றினால் சரியாகிவிடும்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று கடைசியில் ஒரு வால் ஒட்டிய கார்டு. அசல் 580இல் 2304 கணக்கு அலகுகள். சீனச் சந்தைக்கென்று வந்த இதில் 2048. பெயரின் வாலைச் சின்ன எழுத்தில் போட்டு விற்பார்கள். பொய்யென்று சொல்ல முடியாது, மெய்யென்றும் சொல்ல முடியாது. அதைவிட மோசம், மிகப் பழைய கார்டின் பயாஸைத் திருத்தி விண்டோஸ் முன் 'ஜிடிஎக்ஸ் 1050' என்று பெயர் சொல்ல வைத்த போலிகள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைப் பெயருக்கு முன் எச்சரிக்கையோடு காட்டிக்கொடுக்கிறது.

எங்கே வாங்குவது? பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கினால் லோ யாட் பிளாசா நடை தூரம். 1999 இல் திறந்த அந்தக் கட்டடம் வருவதற்கு முன் கோலாலம்பூரில் கணினி என்றால் பக்கத்து இம்பி பிளாசா. லோ யாட்டில் விலை கேட்டுவிட்டு, ரசீதும் உத்தரவாதமும் தேவைப்படும் பொருளை, அதாவது எஸ்எஸ்டியையும் பவர் சப்ளையையும், அங்கேயே வாங்கலாம். பழைய கார்டுக்கு முடா, கரோசெல் என்ற இணையச் சந்தைகள். அங்கே விற்பவர்கள் 'சிஓடி', அதாவது பொருளைப் பெறும்போது காசு, என்று சொல்லி எல்ஆர்டி நிலைய வாசலில் சந்திக்கக் கூப்பிடுவார்கள். கார்டைக் கையில் வாங்கிப் பார்த்து நிலைய வாசலில் என்ன தெரியும்? விசிறி சுற்றுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்கலாம், அவ்வளவுதான். விற்பவர் வீட்டில் அல்லது கடையில், கணினியில் மாட்டி அரை மணி நேரம் பாரமான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கொமுட்டர் ரயில் ஏறித் திரும்பி வந்துவிடலாம்.

வெளிநாட்டு விமர்சகர்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று நம் ஊருக்கே உரியது: வெயில்.

ஹீட் சிங்க் வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக் காற்றுக்குக் கைமாற்றுகிறது. சில்லின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு, சில்லு செலவழிக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற ஓர் ஏற்றத்தைக் கூட்டுவது. அந்த ஏற்றம் 50 டிகிரி என்று வைத்தால், ஜெர்மனியில் 21 டிகிரி அறையில் 71. கிள்ளானில் பிற்பகல் நேரம், ஏர்கான் இல்லாத மாடி அறையில் 33 டிகிரியில், 83. அதே கூலர், அதே செயலி. தூசி படிந்து பேஸ்ட் காய்ந்து அந்த ஏற்றம் 65 ஆனால், அவர்களுக்கு 86, நமக்கு 98. நூறை நெருங்கும்போது இன்டெல் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு ஆரம்பித்த பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தொய்வதாகச் சொல்பவர்களில் பலருக்கு வேண்டியது புதிய செயலி அல்ல. ஒரு தூரிகை, ஒரு குழல் பேஸ்ட், ஒரு மாலைப்பொழுது. இங்கே தூசி வெறும் தூசியாக இருப்பதில்லை. காற்றின் ஈரமும் சமையல் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் சேர்ந்து தகடுகளுக்கிடையே பிசுக்காகப் பிடித்துக்கொள்ளும். ஊதினால் போகாது, கழற்றித் துடைக்க வேண்டும்.

காசில்லாமல் குளிர்விக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு சில்லு இயங்கும்போது செலவழிக்கும் மின்திறன், கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வர்க்கம் என்பதுதான் இங்கே நமக்குச் சாதகம். ஆலையிலிருந்து வரும்போது எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தத்தை வைத்துவிடுகிறார்கள், சோம்பலான சில்லும் தேறிவிட வேண்டுமே என்று. உங்கள் சில்லு சோம்பல் இல்லையென்றால் 1.15 வோல்ட்டை 1.05க்கு இறக்கலாம். ஒன்பது சதவீதம் குறைத்ததற்கு இயக்க மின்திறன் ஏறக்குறைய 17 சதவீதம் குறையும், வேகம் அப்படியே. ஏஎம்டி தன் மென்பொருளிலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறது. படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சிறிது விளையாடிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்த வேண்டும்.

பவர் சப்ளையை யாரும் கவனிப்பதில்லை. அதில் விளக்கு மினுக்குவதில்லை, பெருமைக்குக் காட்டவும் முடியாது. ஆனால் 580 போன்ற கார்டை மாட்டியபின் செயலிக்கு 84, கார்டுக்கு 185, மற்றவற்றுக்கு ஐம்பது என்று 320 வாட் வரை இந்தப் பெட்டி கொடுத்தாக வேண்டும். கேஸோடு இலவசமாக வந்ததன் மேல் 500 வாட் என்று ஒட்டியிருந்தாலும் நான் நம்பமாட்டேன். அதற்குள் இருக்கும் மின்பகுளி மின்தேக்கிகள் மெல்ல உலர்ந்துகொண்டே வருபவை. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைவிதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று குறித்த மின்தேக்கி 65 டிகிரியில் 32,000 மணி ஓடும். நாளுக்கு எட்டு மணி என்றால் சுமார் 11 ஆண்டு. 75 டிகிரியில் ஐந்தரை ஆண்டு. குளிர்நாட்டுக்கும் கிள்ளானுக்கும் இடையிலான வித்தியாசம் கிட்டத்தட்ட அந்தப் பத்து டிகிரிதான். ஆண்டின் பாதி நாட்களுக்கு மேல் எங்காவது இடி முழங்கும் பள்ளத்தாக்கு இது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நம்பகமான 500 வாட் பெட்டியும் மின்பாய்ச்சல் தடுக்கும் நீட்டிப்புப் பலகையும் ஆடம்பரம் ஆகாது. 600 வெள்ளியில் இதற்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் கார்டு பார்ப்பேன்.

செயலியைப் பற்றி இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். இந்தப் பலகையில் பொருந்தும் உச்சம் ஐ7-4790 வகை. நான்கு உள்ளகம், எட்டு இழை, அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைச் சரங்கள். நான்கு இழையோடு நெரிபடும் புதிய விளையாட்டுகளில் வித்தியாசம் தெரியும். ஆனால் பலகை செத்துவிட்டால் அந்தச் செயலியை வேறெங்கும் சொருக முடியாது. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், விலை சொன்னால் விட்டுவிடலாம். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பலகையும் ரைசன் செயலியும் பழையதாக வாங்குவது அடுத்த கட்டம். அப்போது எஸ்எஸ்டி, கார்டு, பவர் சப்ளை மூன்றும் கூடவே வரும். முதல் கட்டத்தில் அவற்றில் பணம் போட்டது அதனாலும்தான்.

கடைசித் தடை சிலிக்கானில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. நம் ஐ5 நான்காம் தலைமுறை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிவிட முடியும். ஆனால் வேலோரண்ட் போன்ற விளையாட்டு, விண்டோஸ் 11இல் டிபிஎம் இல்லையென்றால் உள்ளே விடாது. 2018 நவம்பரில் புக்கிட் ஜாலிலின் ஆக்சியாத்தா அரங்கில் கோலாலம்பூர் மேஜர் போட்டி நடந்த டோட்டா 2 கதை வேறு. அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதற்கு 2013 முதலே லினக்ஸ் பதிப்பு வைத்திருக்கிறது. 2018 இல் வந்த அதன் புரோட்டான் மென்பொருள், விண்டோஸுக்கென்று எழுதிய ஏராளமான விளையாட்டுகளையும் லினக்ஸில் ஓட்டுகிறது. வேலோரண்ட் அங்கும் ஓடாது.

அதனால் கடைக்குப் புறப்படுமுன் தம்பியிடம் கேட்க வேண்டியது என்ன கேம் என்பதைத்தான். டோட்டா என்றால் 600 வெள்ளி தாராளம். வேலோரண்ட் என்றால் விண்டோஸ் 10 ஓடும்வரை ஓட்டிவிட்டு, கார்டில் கையை வைக்காமல், எஸ்எஸ்டி மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை ஏஎம்4 பலகைக்கு எடுத்து வைக்கலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்கை, சத்தம் போடாமல் இருந்தால், பழைய படங்களும் பாட்டுகளும் வைக்க உள்ளேயே விட்டுவிடலாம். விற்பதானால் முழுக்க அழித்துவிட்டு விற்க வேண்டும். செத்துப்போன பவர் சப்ளையைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மலேசியச் சட்டப்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் அட்டவணைப்படுத்திய கழிவு. சுற்றுச்சூழல் துறை அனுமதி பெற்ற சேகரிப்பு மையங்கள் வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டு மின்னணுக் குப்பை கன்டெய்னர் கன்டெய்னராகக் கிள்ளான் துறைமுகத்தில் பிடிபடுகிறது. அதோடு நம்முடையதையும் சேர்க்க வேண்டியதில்லை.